மறுநாள் காலையே அளவுகோல்: மனநலம் பேணுவதில் நெல்லைச் சீமையில் நேரும் தவறுகள்

மனத்தைப் பேணுவதற்கு அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், நேரத்துக்குத் தூங்குவது, நடப்பது, வேளைக்கு உண்பது, நெருக்கமானவர்களிடம் மனம்விட்டுப் பேசுவது என்று திருநெல்வேலிச் சீமையில் யாரும் சொல்லிவிடுவார்கள். தெரியாமை இங்கே பெரிய குறையில்லை. இவற்றைச் செய்யும் விதத்திலும், தொடங்கும் நேரத்திலும், இவற்றிடமிருந்து எதிர்பார்க்கும் பலனிலும்தான் தவறுகள் நேர்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளைக்கின்றன: கவலையைச் சற்று நேரம் மறக்க வைப்பதையும், மறுநாள் எழுந்து வேலையைப் பார்க்கும் தெம்பைத் தருவதையும் நாம் ஒன்றென்றே எடுத்துக்கொள்கிறோம். இரவு பன்னிரண்டு மணி வரை கைப்பேசியில் காணொளி பார்ப்பதும் ஓய்வுதான், பத்து மணிக்கு விளக்கை அணைப்பதும் ஓய்வுதான் என்று அப்போதைக்குத் தோன்றும். மறுநாள் முற்பகலில் யார் பிள்ளைகள்மீது எரிந்துவிழாமல் இருக்கிறார் என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். இக்கட்டுரையில் ஒவ்வொரு பழக்கத்தையும் அந்த மறுநாளை வைத்தே எடைபோடுகிறேன்.

சலிப்பு, பதற்றம், தூக்கக் குறைவு ஆகியவற்றைச் சுமந்துகொண்டே வேலைக்குப் போகிறவர்களையும் வீட்டைப் பார்க்கிறவர்களையும் மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. நோயாக முற்றிவிட்ட நிலைக்குப் பழக்கங்கள் மட்டும் போதா; அதைப் பின்னால் தனியே சொல்கிறேன்.

எல்லாம் முடியட்டும் என்பது

பிசானம் அறுவடையாகட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை எழுதி முடிக்கட்டும், அதன்பிறகு நம்மைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களில், அதிலும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம், வழக்கமாகக் கேட்கும் பேச்சு. சுமை ஏறியிருக்கும் மாதங்களில்தான் தூக்கமும் வேளைக்குச் சாப்பாடும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. கார் நெல் முடிந்தால் பிசான நெல், கல்யாணம் முடிந்தால் பேறுகாலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் வாழ்க்கையில், எல்லாம் முடிந்த நாள் என்று ஒன்று எந்தக் காலண்டரிலும் அச்சிடப்படுவதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, தை முதல் தேதியன்று எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்குவது. நாலரை மணிக்கு எழுவது, ஐந்து கிலோமீட்டர் நடப்பது, தியானம், சர்க்கரையில்லாத காப்பி, நாட்குறிப்பு என்று ஐந்தையும் ஒரே காலையில் தோளில் ஏற்றிக்கொண்டவர், இரண்டாம் வாரத்தில் ஒன்று தவறியதும் ஐந்தையும் கைவிடுகிறார். மனம் சோர்ந்திருப்பவருக்கு இந்தத் தோல்வி அத்துடன் முடிவதில்லை. 'நம்மால் எதுவும் ஆகாது' என்று தன்னைத் தானே குற்றம் சாட்டுவதற்கு இன்னொரு சான்றாகிவிடுகிறது. அதிகாலையில் எழுபவனே வெல்வான் என்று மேடையில் முழங்கும் பேச்சாளர்கள்மீது எனக்கு மதிப்பு குறைவதற்கும் இதுவே காரணம். இரவு பதினோரு மணிக்குக் கடையடைத்து வீடு திரும்பும் மளிகைக் கடை அண்ணாச்சி நாலரைக்கு எழுந்தால் அவருக்கு மிஞ்சுவது தூக்கக் கடன் மட்டுமே.

இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதும் சரியில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு சிறு செயல் தானாக நடக்கும் பழக்கமாகப் படிவதற்கு ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆனதாகவும், நடுவளவு 66 நாள் என்றும் கண்டார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது குலையவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஆகவே நம் பெரியவர்கள் சொல்லும் ஒரு மண்டலக் கணக்கு இருபத்தொன்றைவிட நடப்புக்கு நெருக்கமானது என்றாலும், அதுவும் சிலருக்குப் போதாது. ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு, அது காலைக் காப்பியோ மாலை விளக்கேற்றுவதோ மஃரிப் தொழுகையோ எதுவாயினும், அதனோடு சேர்த்து வைத்துக்கொள்வதே நிலைக்கும் வழி.

ஓய்வு முழுவதையும் சாரலுக்கு ஒத்திவைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆனி, ஆடியில் குற்றாலம் போய் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால் ஆண்டு முழுவதற்கும் தாங்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அருவிக் குளியலின் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விடுமுறை தரும் தெளிவு வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் தேய்ந்துவிடும் என்பதை ஆய்வுகளும் அனுபவமும் ஒன்றாகவே சொல்கின்றன. வாரத்தில் ஒரு மாலையை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்வது, வருடத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போவதைவிட அதிகம் உதவும்.

தூக்கம்

எண்ணிக்கையிலும் விளைவிலும் பெரிய தவறுகள் தூக்கத்தில் நேர்வதால் இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. வயதுவந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேரம் தூக்கம் தேவை என்பது பொதுக் கணக்கு. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுற்றும் பெண்கள், சமையலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலையும் முடிந்தபின், மறுநாள் கடையில் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை குறைந்துவிடாமலிருக்க இரவு நெடுநேரம் தட்டை மடியிலிருந்து இறக்குவதில்லை. அவர்களிடம் போய் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று அறிவுரை சொல்வதால் யாருக்கும் பயனில்லை. அவர்களால் ஆகக்கூடியது வேறு: படுக்கும் நேரம் முன்னே பின்னே போனாலும் எழும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம், பகல் மூன்று மணிக்கு முன்பாக அரை மணிக்கு மிகாமல் கண்ணயரலாம். அந்தப் பகல் தூக்கத்தைச் சோம்பல் என்று மாமியாரும் கணவரும் சொல்லிக்காட்டாமல் இருப்பது அவர்களுக்கு வீட்டார் செய்யக்கூடிய உதவி.

எழும் நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்றால், உடம்பின் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வாரம் முழுவதும் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை படுத்துக் கணக்கை நேர்செய்துவிடலாம் என்பது தவறு. தூக்கத்தைக் குளத்துத் தண்ணீர்போலத் தேக்கிவைத்து வேண்டியபோது பாய்ச்ச முடியாது. ஞாயிறு தாமதமாக எழுந்தவருக்கு அன்றிரவு தூக்கம் வரத் தாமதமாகும், திங்கள் அலாரம் அடிக்கும்போது உடம்புக்கு அது நள்ளிரவாக இருக்கும். திங்கட்கிழமை என்றாலே பலருக்கு வரும் வெறுப்பில் ஒரு பங்கு ஞாயிற்றுக்கிழமைப் படுக்கையிலேயே தயாராகிறது.

தூக்கம் வராதவர்கள் செய்யும் இன்னொரு தவறு, கூடுதல் நேரம் படுக்கையில் கிடப்பது. நேற்று தூங்கவில்லை என்று இன்று எட்டரைக்கே படுத்து, பதினொன்று வரை புரண்டு, இடையில் பத்து முறை மணி பார்த்து, 'இன்றைக்கும் போச்சு' என்று நெஞ்சு படபடக்கத் தொடங்கினால், நாளடைவில் படுக்கையைப் பார்த்தாலே விழிப்பு வரும்படி மனம் பழகிவிடுகிறது. கண் சொருகும்போது மட்டும் படுப்பதும், இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் வேறிடத்தில் உட்கார்ந்து, சுவாரசியமில்லாத எதையாவது செய்துவிட்டு மீண்டும் வருவதும், கடிகாரத்தைக் கண்ணில் படாமல் வைப்பதும் இதற்கு மருத்துவர்கள் சொல்லும் முறை. முதல் சில இரவுகள் இது கொடுமையாகத் தோன்றும். அதற்காக விட்டுவிடக்கூடாது.

டீ, காப்பி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தம் உடம்பின்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை. 'நான் ராத்திரி எட்டு மணிக்குக் காப்பி குடிச்சாலும் நல்லாத் தூங்குவேன்' என்பவருக்குத் தூக்கம் வரலாம். ஆழம் குறைந்திருப்பது அவருக்குத் தெரியாது. உடம்பில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது, கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். மாலை ஐந்து மணி டீ ஊருக்கே பொதுவான சடங்காக இருப்பதால் அதை ஒழிக்கச் சொல்லவில்லை. தூக்கமும் படபடப்பும் தொந்தரவாக இருப்பவர்கள் அந்த ஒரு கிளாஸையும் அதற்குப் பின் வருவனவற்றையும் நிறுத்திப் பார்த்தால், மறுநாளே இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தில் வேறுபாடு தெரியும். மதுவைத் தூக்கத்துக்காகக் குடிப்பது இதைவிட மோசம். அது சீக்கிரம் கண்ணை மூட வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும்; விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து எதற்கென்று தெரியாத அச்சத்தோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு மாலைக் குடிதான் காரணம் என்பதை அவர்களே ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

கோடையில் வெக்கை ஒரு தனித் தொல்லை. உடம்பின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் பிடிக்கும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாக வெதுவெதுப்பான நீரில் குளித்துவிட்டு, காற்று வரும் இடத்தில் பத்தமடைப் பாயை விரித்துப் படுத்த பழைய தலைமுறைக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது பற்றி ஒரு சொல். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கப்படும் அல்ப்ராசோலம் போன்ற மாத்திரைகள் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதவை. பக்கத்து வீட்டு அத்தைக்கு எழுதித் தந்ததை 'அரை மாத்திரை போட்டுப் பாரு' என்று கைமாற்றிக்கொள்வது அன்பினால் செய்யப்படும் தீங்கு. சில வாரங்களிலேயே உடம்பு இதற்குப் பழகிவிடும். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லும் படிக்கணக்கில்தான் செய்ய வேண்டும்.

நடை, சாப்பாடு, உடம்பு

மனம் தெளிந்தபின் நடக்கப் போகலாம் என்று காத்திருப்பவர், வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். சோர்வில் முதலில் செத்துப்போவது ஊக்கம். செயல் தொடங்கியபின்தான் அது மெல்லத் திரும்பும். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை முறைகளில் ஒன்று முழுக்க இந்த ஒரு கருத்தின்மேல் நிற்கிறது: விருப்பம் இருக்கிறதா என்று கேட்காமல், குறித்த நேரத்தில் குறித்த சிறு செயலைச் செய்துவிட்டு, செய்தபின் மனம் எப்படியிருக்கிறது என்று பார்ப்பது. வாரத்தில் 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குச் சொல்லும் குறைந்த அளவு. அது முடியாதவருக்குப் பத்து நிமிடமும் நல்லதே.

'நாள் பூரா நாத்து நட்டுட்டு வாறோம், எங்களுக்கு எதுக்கு நடை?' என்று கேட்பவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வயல்வேலை உடம்புக்குப் போதுமான உழைப்புதான். ஆனால் கூலிக்கும் கெடுவுக்கும் கட்டுப்பட்டுச் செய்யும் உழைப்பைவிட, தானாக விரும்பிச் செய்யும் அசைவே மனத்துக்கு அதிகம் உதவுவதாகத் தெரிகிறது. நாளெல்லாம் கழுத்தைக் குனிந்து பீடி சுற்றுகிறவருக்கோ இரண்டுமே இல்லை. பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானத்துக்குப் போய்ச் சுற்றிவர முடிகிற பெண்களுக்குக் கிராமத்துப் பெண்களின் இடர் புரியாது. காரணமில்லாமல் தெருவில் நடந்தால் 'எங்கட்டி போற?' என்று நான்கு பேர் கேட்கும் ஊரில் தனியே நடப்பது எளிதன்று. கோயில் பிரகாரம் இதற்கு நல்ல மறைப்பு. நெல்லையப்பர் கோயிலின் நீண்ட பிரகாரங்களை நான்கைந்து முறை சுற்றிவந்தால் பக்தியும் நடையும் ஒருசேர நிறைவேறும், யாரும் காரணம் கேட்கவும் மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்த உணவு மனத்தை மாற்றும், அந்தக் கீரை கவலையைப் போக்கும் என்று பரப்பப்படுவனவற்றை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம். எல்லோரும் உண்டபின் மூன்று மணிக்கு ஆறிய சோற்றை உண்ணும் வழக்கத்தைப் பெண்கள் விட்டாலே மாலை எரிச்சலில் பாதி குறையும்.

உடம்பா மனமா என்பதில் நேரும் குழப்பம் இரண்டு பக்கமும் வெட்டும். தைராய்டு சுரப்புக் குறைவும் ரத்தசோகையும் பி12 குறைபாடும் சோர்வாகவும் மந்தமாகவும் வெளிப்படும். இவற்றை ரத்தப் பரிசோதனையில் கண்டறியாமல் 'எல்லாம் மனசுதான்' என்று தியானத்துக்கு அனுப்புவது தவறு. மறுபக்கம், நெஞ்சு படபடப்பு, கைகால் மரப்பு, மூச்சு முட்டல், 'உசிரு போயிரும்போல இருக்கு' என்ற அச்சம் ஆகியவற்றோடு பத்து நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டுத் தணியும் பதற்றத் தாக்குதலை இதய நோயென்று எண்ணி, ஒவ்வொரு மருத்துவமனையாக ஈசிஜி எடுத்துக்கொண்டே போகிறவர்களும் இங்கே குறைவில்லை. முதல் முறை நெஞ்சுவலி வந்தால் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதியானபின், படபடப்பு வந்த இடத்தையே தவிர்க்கத் தொடங்குவதுதான் பிழை. ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் ஒருமுறை படபடத்தவர் அங்கே போவதை நிறுத்துவார், பிறகு பேருந்தையே நிறுத்துவார், பிறகு துணையில்லாமல் வெளியே இறங்க மாட்டார். தவிர்க்கும்போது கிடைக்கும் நிம்மதி அச்சத்துக்கு அடுத்த தீனியாகிவிடுகிறது.

பேச்சு

மனம்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்பது உண்மை. எப்படிப் பேசினால் என்பதைத்தான் நாம் கேட்டுக்கொள்வதில்லை. ஒரே மனத்தாங்கலை, அதே சொற்களில், அதே அக்காளிடம், நாள்தோறும் ஒரு மணி நேரம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பது புண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பது. பேசி முடித்தபின் அடுத்து என்ன செய்யலாம் என்ற ஒரு வரியாவது பிறந்திருந்தால் அந்தப் பேச்சு உதவியிருக்கிறது. அதே கோபம் இன்னும் சூடாகியிருந்தால் உதவவில்லை. ஆண்களின் சிக்கல் இதற்கு மாறானது. டீக்கடை பெஞ்சில் உலக அரசியல் முழுவதையும் இரண்டு மணி நேரம் பேசித் தீர்ப்பவர், தன் கடையில் வியாபாரம் படுத்துவிட்டதையும் மூன்று மாதமாகத் தூக்கம் இல்லாததையும் எதிரில் இருக்கும் இருபது வருட நண்பரிடம் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார். சொன்னாலும் 'சவத்த விடுல, எல்லாம் சரியாப் போயிரும்' என்ற பதில் வந்து வாயை அடைத்துவிடும். அந்தப் பதிலில் அன்பு இல்லாமலில்லை. ஆனால் மனம் திறந்தவர் இன்னொரு முறை வாய் திறக்க மாட்டார். 'எத்தனை நாளா இப்படி இருக்கு?' என்று ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தால் பேச்சு வேறு வழியில் போயிருக்கும்.

வளைகுடாவில் கணவரும் ஊரில் மனைவியுமாக இருக்கும் வீடுகளில் இருவரும் மற்றவர் வருந்தக்கூடாது என்று வீடியோ அழைப்பில் சிரித்த முகத்தை மட்டுமே காட்டிக்கொள்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் இது நீளும்போது, ஒருவரைப் பற்றி மற்றவருக்கு எதுவுமே தெரியாத நிலை வந்து, விடுமுறையில் ஒன்றாக இருக்கும் இரண்டு மாதமும் சண்டையாகக் கழிகிறது. பெற்றோரைத் தனியே பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ இருக்கும் வீட்டிலும் இதே மௌனம்தான். சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கும் உடன்பிறப்புகள் பணம் அனுப்புவதோடு கடமை முடிந்ததென்று நினைப்பதும், பார்த்துக்கொள்பவர் 'எனக்குப் பத்து நாள் ஓய்வு வேண்டும், நீ வந்து இரு' என்று கேட்பதைப் பாவமாக நினைப்பதும் சேர்ந்து, கடைசியில் பார்த்துக்கொள்பவரே நோயாளியாகிறார்.

மழையும் கைப்பேசியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் வந்ததைக் கண்டவர்களில் சிலருக்கு இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டால் வயிறு கலங்குகிறது. பேரிடருக்குப் பின் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பானவை; பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவும், நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோன்ற உணர்வும், அந்த இடத்தைத் தவிர்ப்பதும் தொடர்ந்தால் அதற்கென்று சிகிச்சை இருக்கிறது. இதில் நேரும் தவறு, எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு இரவெல்லாம் வெள்ளக் காணொளிகளையும் எந்த ஆண்டு எடுத்ததென்றே தெரியாத வாட்ஸ்அப் படங்களையும் மாறி மாறிப் பார்ப்பது. அணையிலிருந்து எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்பதை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் காலையும் மாலையும் பார்த்தால் போதும். இடைப்பட்ட நேரத்தில் பார்ப்பதனால் ஆற்றில் ஒரு கன அடியும் குறையப்போவதில்லை.

சாமியும் மருந்தும்

சுடலைமாடன் கோயில் கொடையும், வில்லுப்பாட்டும், தர்காவும், மாதா கோயில் ஜெபமும் மனத்துக்கு ஒன்றும் செய்வதில்லை என்று சொல்பவர்கள் இந்த மண்ணை அறியாதவர்கள். ஊர் கூடுவதும், தன் துன்பத்தைத் தன்னினும் பெரிய ஒன்றின்முன் இறக்கிவைப்பதும் மனத்துக்குத் தாங்கல்தான். வேண்டுதலை வைத்து மருந்தை விலக்குவதே தவறு. தாயத்தைக் கட்டிக்கொண்டே மாத்திரையும் சாப்பிடலாம். எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஏர்வாடி தர்காவிலேயே துவாவும் மருந்தும் சேர்ந்து கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. (நாங்குநேரி வட்டத்து ஏர்வாடியை எண்ணிக் குழம்ப வேண்டாம், இது இராமநாதபுரம் மாவட்டத்தது.) அதே ஊரில்தான் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்திருக்கிறது. யாரையேனும் எங்கேனும் கொண்டுபோய் விடுவதற்கு முன் குடும்பத்தார் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தியானத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் சில நிமிடம் மூச்சைக் கவனிப்பது நல்லது. கடும் மனச்சோர்விலோ, இல்லாத குரல்கள் கேட்கும் நிலையிலோ இருப்பவரைப் பத்து நாள் மௌன முகாமில் கொண்டுபோய் உட்கார வைப்பது நல்லதன்று. சிலருக்கு அது நோயை மோசமாக்கும்.

மருத்துவர் தந்த மாத்திரையைப் பொறுத்தவரை நேரும் பிழைகள் எல்லோருக்கும் ஒரே வகை. மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும்; ஐந்தாம் நாளில் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடுகிறார்கள். கேட்கத் தொடங்கியவர்களோ மனம் தெளிந்ததும் 'இனி எதுக்கு?' என்று நிறுத்துகிறார்கள்; தெளிந்தபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பது வழக்கமான மருத்துவ அறிவுரை. மன எழுச்சியும் தாழ்ச்சியும் மாறி மாறி வரும் நோய்க்குக் கொடுக்கப்படும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் அக்கினி நட்சத்திர வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலோ, உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, உடம்பு வலிக்கென்று டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரையைத் தாமே வாங்கிப் போட்டாலோ, ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறக்கூடும். கைநடுக்கம் கூடுவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எப்போது பழக்கங்கள் போதா

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவர்களில் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டது. தமிழ்நாடும் அதில் ஆராயப்பட்ட மாநிலங்களில் ஒன்று. நடையையும் தூக்கத்தையும் ஒழுங்காக வைத்திருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பொழுது மனம் இருண்டே கிடந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, வேலையும் வீடும் தடைபட்டாலோ, பிள்ளை பெற்ற தாய்க்கு இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்காவிட்டாலோ, இன்னும் கொஞ்சம் முயன்றால் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே வருத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் போக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி உதவி தேட வேண்டும். அப்படி எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அது புதிதாக எண்ணத்தை விதைத்துவிடும் என்று வீட்டார் அஞ்சுவது தவறு. நேராகக் கேட்பது பெரும்பாலும் அவருக்கு ஆறுதலாகவே இருக்கும். விவசாய வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் வைப்பதும், அந்த நாட்களில் அவரைத் தனியே விடாமலிருப்பதும் உயிரைக் காப்பவை.

ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் வட்டார அரசு மருத்துவமனைகளிலும் குறித்த நாட்களில் மருத்துவர் பார்க்கிறார். தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவார்கள் என்று அஞ்சி மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறவர்கள், பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் கைவிட்டுப் போவதால் இரண்டாம் முறை போகாமலே நின்றுவிடுவதுண்டு. பக்கத்தில் போய்த் தொடர்ந்து பார்ப்பதே மேல்.

முதல் முறை போகும்போது, எத்தனை நாளாகத் தொந்தரவு இருக்கிறது, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு விழிக்கிறார், சாப்பாடு எப்படி, குடிப்பழக்கம் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உட்பட இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்தும் லேகியமும் இருந்தால் அவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். கூட வருகிறவர் அவரோடு அன்றாடம் இருப்பவராக இருந்தால் நல்லது. ஆனால் மருத்துவர் நோயாளியிடம் சற்று நேரம் தனியே பேச வேண்டுமென்று சொன்னால், கூட வந்தவர் எழுந்து வெளியே போய் உட்கார வேண்டும்.